பதில் வராத கடிதம்

லண்டன் நகரில் ஒரு வாசல். அங்கே ஓர் இளைஞன் வந்து நின்றான். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகுகிறவன். விரலில் பசை காய்ந்து ஒட்டியிருக்கும் தொழில் அது.

ராயல் சொஸைட்டி என்பது இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞான சபை. அதன் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸ். அவருக்கு அந்த இளைஞன் ஒரு கடிதம் எழுதியிருந்தான். விஞ்ஞானத்தைச் சேர்ந்த வேலை ஏதாவது கொடுங்கள், எவ்வளவு சிறிய வேலையானாலும் சரி என்று கேட்டிருந்தான். பதில் வந்திருக்கிறதா என்று வாசற்காவலனிடம் விசாரித்தான்.

பதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் கடைக்குத் திரும்பினான். மறுபடியும் ஊசியையும் நூலையும் எடுத்தான்.

அவன் பெயர் மைக்கேல் பாரடே. இன்று நம் வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது. வயலில் மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. அணைக்கட்டில் விழும் தண்ணீரிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மூலவித்து அந்தப் பையன் பிற்காலத்தில் கண்டுபிடித்தவைதான்.

உத்தியோகத்தில் முன்னுக்கு வர மனோதிடம் வேண்டும் என்கிறோம். மனோதிடம் என்றதும், மேஜையைத் தட்டிப் பேசுகிற ஆசாமிகள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். பாரடே மேஜையைத் தட்டியவர் அல்ல. எத்தனையோ அவமானங்களை வாய் திறவாமல் விழுங்கியவர். ஆனால் எதை விழுங்குவது, எதை விழுங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

வாரத்துக்கு ஒரு ரொட்டி

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தான். தகப்பனார் கொல்லர். சம்மட்டி பிடிக்கிற கை. ஆனால் உடம்பில் ஓயாத நோய். ஒரு நாள் உலைக்களத்துக்குப் போனால் மறுநாள் படுக்கை. 1801-ல் தானிய விலை ஏறிப்போய் ரொட்டி கிடைப்பதே கஷ்டமாயிற்று. அப்போது சிறுவன் மைக்கேலுக்கு வீட்டில் கொடுத்த பங்கு, வாரத்துக்கு ஒரு ரொட்டி. அதை அவன் ஏழு நாளும் வைத்துத் தின்ன வேண்டும். பத்து வயதுகூட நிறையாத பையன்!

பள்ளிக்கூடத்தில் அவன் கற்றது எழுதவும் படிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடவும்தான். பதின்மூன்றாவது வயதில் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். ஒரு வருஷம் கழித்து, ஏழு வருஷம் தொழில் பழகுவதாக ஒப்பந்தம் ஆயிற்று. தொழில் கற்றுத் தருவதற்கு வழக்கமாக வாங்கும் பணத்தை ரீபோ வாங்கவில்லை. பையனின் ஒழுங்கைப் பார்த்து விட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர்.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் பையன் படித்தான். கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. மார்செட் என்ற அம்மையார் எழுதிய இரசாயன நூலும் வந்தது. படித்ததை அப்படியே நம்பாமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கிச் செய்து பார்த்தான். கண்ணாடிப் புட்டியைக் கொண்டு சிறு மின்சார யந்திரம் ஒன்றும் செய்தான். கடையில் குடியிருந்த ஓர் ஓவியரின் அறையைப் பெருக்கி, பூட்ஸையும் துடைத்துக் கொடுத்தான். பதிலுக்கு அவரிடம் சித்திரம் எழுதக் கற்றுக்கொண்டான்.

1810-ல் தகப்பனார் இறந்தார். அந்த ஆண்டில்தான் டேட்டம் என்பவர் மாலை வேளைகளில் விஞ்ஞானப் பிரசங்கம் செய்கிறார் என்று பையனுக்குத் தெரிந்தது. கட்டணம் ஒரு ஷில்லிங். அண்ணன் ராபர்ட்டும் கொல்லர்தான். அவர் தம் கூலியிலிருந்து தம்பிக்கு அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். விஞ்ஞானிகளின் சரித்திரத்தில் அண்ணன்மார்களுக்கு இடம் கிடைப்பதில்லை. இந்த அண்ணனுக்கு ஓர் இடம் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

பாரடேக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஞாபக சக்தி போதாது. கேட்டது மறந்துவிடும். இதைப் பற்றிக் கடைசி வரையில் அவன் குறைப்பட்டுக்கொண்டான். ஆனால் குறைப்பட்டுக்கொண்டே சும்மா இருக்கவில்லை. கேட்டதையெல்லாம் எழுதினான். அங்கேயே சுருக்கமாகக் குறித்து, வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படமும் வரைந்து, தானே பைண்டு செய்து வைத்தான்.

நள்ளிரவுத் தட்டல்

1812-ல் கடைக்கு வரும் டான்ஸ் என்ற கனவான் பாரடேயின் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டு, சர் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.

டேவி அக்காலத்தில் லண்டன் நகரமே கொண்டாடிய விஞ்ஞானி. அவர் பேசிய இடம் ராயல் இன்ஸ்டிட்யூஷன். இது பாங்க்ஸ் தலைமை வகித்த சபை அல்ல. ஆராய்ச்சிசாலையும் பிரசங்க மண்டபமும் உள்ள வேறு ஸ்தாபனம். மரச்சிற்ப வேலை செய்தவரின் மகன் டேவி. சிறு ஊரில் மருந்து வைத்தியரிடம் தொழில் பழகி, அறிவினாலேயே மேலே வந்தவர். அந்த ஆண்டில்தான் சர் பட்டம் பெற்று, பணக்கார விதவை ஒருவரை மணந்தார்.

பாரடே நான்கு பிரசங்கங்கள் கேட்டான். வழக்கம் போல் எழுதினான். 300 பக்கங்களுக்கு மேல் ஆயிற்று. அழகாக பைண்டு செய்தான்.

பாங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஆசை மட்டும் இருந்தது. டிசம்பர் மாதம் டேவிக்கு எழுதியபோது கடிதத்தோடு இந்தப் புத்தகத்தையும் அனுப்பினான். வேலை கேட்கிறவன் தன் வேலையையே கையில் கொடுத்துவிட்டான். டேவி பதில் எழுதினார்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. 1813-ம் ஆண்டுத் தொடக்கத்தில் டேவி அவனைக் கூப்பிட்டுப் பேசினார். காலி இடம் இல்லை, விஞ்ஞானம் சோறு போடாது, பைண்டிங் தொழிலை விட்டுவிடாதே என்று புத்தி சொல்லி அனுப்பினார். அதற்குள் பாரடே ரீபோவிடம் பழகும் காலம் முடிந்து, வேறொரு பைண்டிங் கடையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

சில வாரங்களில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு சண்டை நடந்தது. ஆராய்ச்சிசாலை உதவியாளன் கருவி செய்பவரை அடித்துவிட்டான். அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அன்றிரவு பாரடே படுப்பதற்காக உடை மாற்றிக்கொண்டிருந்தான். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கீழே ஒரு கோச்சு வண்டி நின்றது. டேவியின் ஆள் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் வந்து பார்க்கும்படி எழுதியிருந்தது.

1813 மார்ச் 1-ந் தேதி வேலை உறுதியாயிற்று. வாரச் சம்பளம் 25 ஷில்லிங். மேல் மாடியில் இரண்டு அறைகள். கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம். வேலை என்ன? புட்டி கழுவுவது, பிரசங்கத்துக்குச் சாமான் எடுத்து வைப்பது, அடுப்பு மூட்டுவது. ஒரு மாதத்துக்குள்ளேயே வெடிமருந்து போன்ற ஒரு பொருளை டேவியும் அவனும் சோதித்தபோது, கையிலிருந்த குழாய் வெடித்து நகம் பிய்ந்தது. நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் பாரடே அதைச் சந்தோஷ சமாசாரம் போல எழுதியிருக்கிறான்.

வேலை கிடைத்துவிட்டது. வயதும் இருபத்தொன்று ஆகிவிட்டது. இனி 'அவர்' என்றே சொல்வோம்.

பாரீஸ் வரைக்கும் மட்டும்

அதே ஆண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பா சுற்றப் புறப்பட்டார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அப்போது யுத்தம். ஆனாலும் டேவியின் கீர்த்தியைக் கருதி நெப்போலியன் அனுமதிச் சீட்டுக் கொடுத்திருந்தான். உதவியாளராகப் பாரடேயும் போவதாக ஏற்பாடு. லண்டனை விட்டுப் பன்னிரண்டு மைல் தாண்டியறியாத மனிதர் அவர்.

புறப்படும் தறுவாயில் டேவியின் சொந்த வேலைக்காரன் வர மறுத்துவிட்டான். பாரீஸ் வரைக்கும் மட்டும் அவன் வேலையையும் நீ பார்த்துக்கொள், அங்கே போய் வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் டேவி. பாரீஸ் வந்தது. ஆள் அகப்படவில்லை. இத்தாலி வந்தது. அப்போதும் அகப்படவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து லண்டனுக்குத் திரும்பும் வரையில் ஆள் அகப்படவே இல்லை. நம் ஊர் ஆபீசுகளில் 'தற்காலிகமாக' என்று தலையில் கட்டப்படும் வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்!

வேலை கூடப் பெரிதல்ல. டேவியின் மனைவி பெரும் அந்தஸ்துக்காரி. கணவரின் ஆராய்ச்சித் துணைவரை ஏவலாள் என்றே நடத்தினாள். ஜினீவாவில் ஒரு பெரியவர் பாரடேயையும் சாப்பாட்டு மேஜைக்கு அழைத்தார் என்றும், டேவி தம்பதிகள் அதற்குச் சம்மதிக்காததால் தனி அறையில் சாப்பாடு அனுப்பினார் என்றும் ஒரு கதை உண்டு.

பாரடே மனம் வெதும்பி, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நண்பனுக்கு எழுதினார். பிறகு மனசுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார். ஒரு தட்டில் அந்த அம்மாளின் அதிகாரம். மறு தட்டில் பாரீஸில் ஆம்பியர், மிலானில் வோல்ட்டா, பிளாரென்ஸில் பெரிய கண்ணாடி வில்லையால் வைரத்தையே எரித்துப் பார்த்த சோதனை. நாள்தோறும் டேவி சிந்திப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம். இரண்டாவது தட்டு தாழ்ந்தது. தங்கிவிட்டார். பிரெஞ்சும் இத்தாலியனும் கற்றுக்கொண்டார். அந்த அம்மாளின் பேச்சை நாளடைவில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர் பொருட்படுத்தவில்லை என்று தெரிந்ததும் அவள் கடுமையும் தணிந்தது.

அவர் அடங்கிப்போனதை நான் மெச்ச வரவில்லை. எல்லாரும் இப்படிப் பொறுத்துப் போக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். கற்க ஒன்றுமில்லாத இடத்தில் அவர் ஒரு மாதம்கூட நின்றிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருட்டுப் பட்டம்

1815-ல் திரும்பியதும் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங் ஆயிற்று. பாரடே தம்மைத் தாமே செதுக்கிக்கொண்டார். இலக்கணப் பிழை போவதற்காக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். மேடைப் பேச்சுக்கு ஓர் ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பாடம் கேட்டார். தாம் பேசும்போது தவறுகளைக் குறித்துக்கொள்ளும்படி நண்பர் ஒருவரைச் சபையில் உட்கார வைத்தார். வேகமாகப் பேசிவிடுவார் என்பதால் மெதுவாகப் பேசு என்று நினைவூட்டும் ஓர் அட்டையும் அவர் கண் முன்னால் வைக்கப்படும். பிற்காலத்தில் அவர் பிரசங்கத்தைக் கேட்கப் பிரபுக்களும் குழந்தைகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

1821-ல் அவருக்குத் திருமணம் ஆயிற்று. மனைவி சாரா. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் வெற்றி. ஒரு கிண்ணத்தில் பாதரசம். நடுவில் நட்ட காந்தம். மேலிருந்து தொங்கும் கம்பி. மின்சாரத்தைச் செலுத்தியதும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மோட்டாரின் முன்னோடி அது. பாரடே உடனே அதை எழுதி வெளியிட்டார்.

அங்கேதான் இடி விழுந்தது. சில மாதங்களுக்கு முன் வொல்லாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானி, டேவியின் உதவியோடு, கம்பியைத் தன் அச்சிலேயே சுழல வைக்க முயன்று தோற்றிருந்தார். அவருடைய யோசனையை இவர் திருடிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பிற்று. வொல்லாஸ்டன் பெயரைக் கட்டுரையில் குறிப்பிடாதது பாரடேயின் பிசகு. ஆனால் திருட்டு இல்லை. இரண்டும் வேறு வேறு.

வசை முதுகுக்குப் பின்னால் நடந்தது. பாரடே முகத்துக்கு நேரே போனார். வொல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, நேரில் பேச அனுமதி கேட்டார். பிற்பாடு வொல்லாஸ்டன் வந்து சோதனையைக் கண்ணால் பார்த்தார். அவர் மனம் சமாதானம் அடைந்தது. 1823-ல் பாரடேயை ராயல் சொஸைட்டி அங்கத்தினராக்க 29 பேர் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து வொல்லாஸ்டனுடையது.

எதிர்த்தவர் யார் தெரியுமா? டேவி! அப்போது அந்தச் சபையின் தலைவர் அவர்தான்.

மனுவைத் திரும்ப எடுத்துக்கொள் என்றார் டேவி. நான் போடவில்லை, முன்மொழிந்தவர்கள் போட்டார்கள் என்றார் பாரடே. அவர்களிடம் சொல்லி எடுக்கச் சொல் என்றார். அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் தலைவர் என்ற முறையில் நானே எடுத்துவிடுவேன் என்று டேவி சீறினார். சபையின் நன்மைக்கு எது ஏற்றதோ அதைத்தான் தாங்கள் செய்வீர்கள் என்று பாரடே அமைதியாகச் சொன்னார். பூட்ஸ் துடைத்த காலத்தில் விழுங்கியது வேறு. இது அவருடைய உழைப்பின் கௌரவம். இங்கே அவர் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை.

1824 ஜனவரி 8-ந் தேதி ரகசிய ஓட்டு நடந்தது. ஒரே ஒரு கறுப்புக் குண்டு எதிராக விழுந்தது. அதைப் போட்ட கை எது என்று ஓட்டுப் பெட்டி சொல்லாது.

சீடன் தம்மை மிஞ்சுவதைத் தாங்க முடியாத குரு என்று டேவியைப் பழித்துவிடலாம். ஆனால் மனித மனம் அவ்வளவு நேரானதல்ல. மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆராய்ச்சிசாலைக்குப் பாரடேயை டைரக்டராக்கினார்கள். அவருடைய திறமைக்கு மதிப்புத் தர வேண்டும் என்று நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னவரும் டேவிதான். 1829-ல் டேவி ஐம்பதாவது வயதில் ஜினீவாவில் இறந்தார். பாரடே கடைசி வரையில் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்லி வந்தார்.

ஒன்பது வருஷம்

1822-ல் பாரடே தம் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. 1824-ல் முயன்றார், நடக்கவில்லை. 1825-ல் முயன்றார், நடக்கவில்லை. 1828-லும் நடக்கவில்லை. தோற்றதையெல்லாம் அப்படியே எழுதி வைத்தார்.

இதற்கிடையில் ராயல் சொஸைட்டி அவருக்கு வேறு சுமை கொடுத்தது. தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி காய்ச்சித் தர வேண்டும். வருஷக்கணக்காக உலையடியில் வெந்தார். நினைத்தபடி பயன் வரவில்லை. உலை பார்த்துக்கொள்ள வந்த ஆண்டர்சன் என்ற பழைய ராணுவ வீரர் மட்டும் மிச்சமானார். அவர் பாரடேக்குக் கடைசி வரையில் உதவியாளராக இருந்தார்.

1831-ல் அந்தச் சுமையை இறக்கி வைத்தார். ஆகஸ்டு 29-ந் தேதி ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், எதிர்ப்பக்கம் மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மறு சுருளின் அருகிலிருந்த காந்த ஊசி ஒரு கணம் துள்ளி நின்றுவிட்டது. இணைப்பை எடுத்ததும் மறுபடியும் துள்ளிற்று. இத்தனை வருஷமும் நிலையான மின்சாரம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். மாறுகிற கணத்தில்தான் அது பிறக்கிறது! அக்டோபர் 17-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியே மின்சாரம் உண்டாக்கினார். இன்றைய மின்சார நிலையங்களில் சுழலும் பெரிய யந்திரங்களும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

அப்போது அவருக்கு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வருஷச் சம்பளம் 100 பவுன். வெளியே கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லி 1830-ல் மட்டும் 1,000 பவுனுக்கு மேல் சம்பாதித்திருந்தார். அதைப் படிப்படியாக விட்டுவிட்டார். ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை என்பதுதான் காரணம். முன்னேற்றம் என்றால் சம்பள உயர்வு மட்டுமே என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மனிதர் ஒரு புதிர்.

1835-ல் அரசாங்கம் அவருக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்தது. பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபு, இந்த வழக்கமே வெறும் பசப்பு என்று இளக்காரமாகப் பேசிவிட்டார். பாரடே வணக்கம் சொல்லி வெளியே வந்தார். பணம் வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். நண்பர்கள் சமாதானம் செய்தபோது, பிரபு எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தால் பார்க்கலாம் என்றார். ஒரு கொல்லன் மகனுக்கு நாட்டின் பிரதம மந்திரி வருத்தக் கடிதம் எழுதினார். டிசம்பரில் வருஷத்துக்கு 300 பவுன் அனுமதியாயிற்று.

ஓய்ந்த மனமும் பழைய கண்ணாடியும்

இரும்பு மனிதர் என்று யாரையும் சொல்லக்கூடாது. 1839-ல் பாரடே ஒடிந்து விழுந்தார். தலைசுற்றல், மறதி, களைப்பு. சில ஆண்டுகள் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மனைவி சொற்படி ஓய்வு எடுத்துக்கொண்டார். 1841-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். மூளைதான் களைத்திருந்தது, கால்கள் அல்ல. ஒரே நாளில் 45 மைல் நடந்தார். ஓர் ஊரில் ஆணி அடிக்கும் கொல்லுப் பட்டறைகளைக் கண்டார். பட்டறை என்றாலே தமக்குப் பிரியம், தம் தகப்பனாரும் கொல்லர் என்று டயரியில் எழுதினார். சீமையே புகழும் விஞ்ஞானி, ஐம்பதாவது வயதில் எழுதியது இது.

1845-ல் மீண்டும் எழுந்தார். ஒளிக்கும் காந்தத்துக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பல பொருள்கள் வழியாக ஒளியைச் செலுத்தி, பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் உலையடியில் வெந்து காய்ச்சினாரே, வீண் என்று எல்லாரும் நினைத்த அதே கனத்த கண்ணாடி! செப்டம்பர் 13-ந் தேதி, அதன் வழியே போன ஒளி காந்தத்துக்கு இணங்கித் திரும்பிற்று.

1857-ல் ராயல் சொஸைட்டி அவரைத் தலைவராக இருக்கும்படி கேட்டது. பாங்க்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி; டேவி உட்கார்ந்திருந்த நாற்காலி. வேண்டாம் என்றார். சர் பட்டமும் வேண்டாம் என்றார். 1858-ல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

ஞாபகம் மேலும் மேலும் தேய்ந்தது. நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம். 1862 மார்ச் 12-ந் தேதி கடைசிச் சோதனை செய்தார். சுடரிலிருந்து வரும் ஒளியின் நிறக்கோடுகளைப் பலமான காந்தம் மாற்றுகிறதா என்று பார்த்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி வைத்தார்.

1867 ஆகஸ்டு 25-ந் தேதி, தம் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் நீத்தார். 1896-ல் ஸீமன் என்ற ஹாலந்து நாட்டு இளைஞர் அதே சோதனையை இன்னும் நுட்பமான கருவிகளோடு செய்து பார்த்தார். கோடுகள் மாறின.